நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள தளத்துக்கு மறுபடி பெயின்ட் அடிப்பது: முதன்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் தடவை இந்த வேலையைச் செய்தபோது நான் நன்றாகச் சொதப்பினேன். வெளிச்சுவருக்கு அடித்தது போக ஒரு வாளி பெயின்ட் மிச்சம் இருந்தது. குளத்தைச் சுற்றியிருந்த கான்கிரீட் தளம் வெளிறிப்போய்க் கிடந்தது. இதை அதில் அடித்துவிட்டால் என்ன என்று தோன்றியது. ஒரே நாளில் கூட்டினேன், கழுவினேன், அடித்தேன். மறுநாள் பளபளவென்று இருந்தது. அன்று மாலையே குளத்திலிருந்து ஏறிய ஒருவர் இரண்டாவது அடியில் வழுக்கினார். ஏணிக் கைப்பிடியைப் பற்றியதால் தப்பித்தார். மூன்று மாதத்தில் நாற்காலிக் கால்கள் நின்ற இடமெல்லாம் பெயின்ட் செதில் செதிலாக எழும்பிவிட்டது.

சுவரைக் கண்ணால் பார்க்கிறோம், இந்தத் தளத்தைக் காலால் பார்க்கிறோம். அதுவும் செருப்பில்லாத ஈரக்கால். எந்தப் பெயின்ட், என்ன நிறம், எவ்வளவு சொரசொரப்பு, எத்தனை நாள் காத்திருப்பது என்று எந்தக் கேள்வி வந்தாலும் அந்த ஈரக்காலை நினைத்துக்கொண்டு முடிவெடுத்தால் பெரும்பாலும் சரியாக வரும்.

தொடங்கும் முன் ஒன்று. இது சனி, ஞாயிறில் முடிகிற வேலை அல்ல. சோதிப்பது, கழுவுவது, காயவிடுவது, அடிப்பது எல்லாம் சேர்ந்து ஒரு வாரம் ஆகும். அதன் பிறகும் சில நாள் யாரும் குளத்தில் இறங்க முடியாது. வீட்டில் எல்லோரிடமும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் ஈரப் பெயின்ட்டில் சின்னச் சின்னக் காலடிகள் பதிந்திருக்கும்.

தளத்தைச் சோதிப்பது

இந்தக் கட்டுரை கான்கிரீட் தளத்துக்கும், ஏற்கெனவே பெயின்ட் அடித்த கான்கிரீட்டுக்கும் பொருந்தும். கல், ஓடு, மரம் ஆகியவற்றை இதில் சேர்க்காதீர்கள். மரத்துக்குத் தனி வகைப் பூச்சு உண்டு. இயற்கைக் கல்லுக்குப் பெயின்ட் அடிப்பது என் கருத்தில் பாவம். அதற்கு நல்ல சீலர், அதாவது ஈரம் ஊறாமல் காக்கும் பூச்சு, போதும். தளம் புதிதாகப் போட்ட கான்கிரீட் என்றால் குறைந்தது 28 நாள் ஆறவிட வேண்டும்.

முதல் சோதனை தண்ணீர்ச் சொட்டு. தளத்தில் நாலைந்து இடத்தில் சில சொட்டுகள் விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் உறிஞ்சிக்கொண்டால் நல்லது, பெயின்ட்டும் உள்ளே இறங்கிப் பிடிக்கும். முத்து முத்தாக நின்றால் பழைய சீலரோ எண்ணெய்ப் பசையோ அங்கே இருக்கிறது. குளத்தளத்தில் அந்தப் பசை பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது தெரியுமா? சன்ஸ்கிரீன். உடம்பில் பூசிக்கொண்டு ஈரத்தோடு வந்து உட்காரும் இடம், நாற்காலி போடும் இடம், ஏணிக்குப் பக்கம் ஆகிய இடங்களில் அது கண்ணுக்குத் தெரியாமல் ஊறிக் கிடக்கும். பின்னால் பெயின்ட் உரிவதும் அங்கேதான் முதலில் நடக்கும். என் நாற்காலி இடங்கள் உரிந்ததற்கும் அதுதான் காரணம் என்று வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது.

இரண்டாவது சோதனை பழைய பெயின்ட் எவ்வளவு பிடிப்போடு இருக்கிறது என்பது. கூரான பிளேடால் தளத்தில் பெருக்கல் குறி போலக் கீறி, அதன் மேல் நல்ல ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பெயின்ட் வந்துவிட்டால் அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் பயனில்லை. புதுப் பூச்சு பழைய பூச்சைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்; பழையது தரையை விட்டால் இரண்டும் சேர்ந்தே வரும். ஆறேழு இடத்தில் சோதியுங்கள். ஓரிரு இடத்தில் மட்டும் வந்தால் அந்தப் பகுதியைச் சுரண்டினால் போதும். பாதிக்கு மேல் வந்தால் மொத்தத்தையும் எடுக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது, பழைய பெயின்ட் என்ன வகை என்பது. ஒரு வெள்ளைத் துணியில் ஸ்பிரிட்டை நனைத்து ஒரே இடத்தில் நன்றாகத் தேயுங்கள். நிறம் துணியில் ஏறி, பெயின்ட் பிசுபிசுத்தால் அது தண்ணீர் கலக்கும் அக்ரிலிக். அதன் மேல் அதே வகையை அடிக்கலாம். ஒன்றும் ஆகாவிட்டால் எபாக்சியாகவோ (பிசினால் ஆன கெட்டிப் பூச்சு) எண்ணெய் வகையாகவோ இருக்கலாம். அப்போது பளபளப்புப் போகும்வரை உப்புத்தாளால் தேய்த்து, ஓரமாக ஓர் அடி சதுரத்தில் புதுப் பெயின்ட்டை அடித்து, ஒரு வாரம் கழித்து அதே டேப் சோதனையைச் செய்து பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

நான்காவது சோதனையைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். தளத்துக்கு ஈரம் மேலிருந்து மட்டும் வருவதில்லை, கீழேயிருந்தும் வரும். 45 சென்டிமீட்டர் சதுரத்தில் கனமான பிளாஸ்டிக் தாளை வெட்டி, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப்பால் தளத்தில் ஒட்டி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். நேர் வெயில் படாத இடமாகப் பாருங்கள். மறுநாள் பிரித்தால் தாளின் அடியில் நீர்த்துளியோ, தரை கறுத்தோ இருந்தால் கீழே ஈரம் இருக்கிறது. பெயின்ட் அடித்தால் கொப்புளம் கிளம்பும். சில சமயம் மழைக்காலம் என்பதுதான் காரணமாக இருக்கும், காத்திருந்தால் போதும். வறண்ட காலத்திலும் குளத்தின் ஒரே பக்கத்தில் மட்டும் ஈரம் தெரிந்தால், குழாயிலோ குளத்துச் சுவரிலோ கசிவு இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.

கடைசியாக, ஒரு சின்ன சுத்தியலால் தளத்தை ஆங்காங்கே தட்டிக்கொண்டே நடங்கள். 'டங் டங்' என்று கெட்டியாகக் கேட்பதற்குப் பதில் 'டொப்' என்று வெற்றொலி கேட்கும் இடத்தில் மேல் பூச்சு விட்டிருக்கிறது. சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள்.

என்ன பெயின்ட், என்ன நிறம்

குளத்துக்கு உள்ளே அடிக்கும் பெயின்ட் வேறு, வெளித் தளத்துக்கு அடிப்பது வேறு. உள்ளே அடிப்பது எப்போதும் தண்ணீருக்குள் இருப்பதற்காகச் செய்தது. வெளித் தளம் வெயில், மழை, குளோரின் தெறிப்பு, மிதிபடுவது எல்லாவற்றையும் மாறி மாறித் தாங்க வேண்டும்.

சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் மிதிபடுவதைத் தாங்காது. எண்ணெய் எனாமலும் கூடாது. கான்கிரீட்டில் காரத்தன்மை உண்டு; ஈரமும் சேர்ந்தால் அது எனாமலில் உள்ள எண்ணெயை மெல்லமெல்லச் சோப்பாக மாற்றிவிடும். சோப்பு தயாரிப்பதும் அதே வேதியியல்தான். எபாக்சி உறுதியானது, ஆனால் திறந்த வெயிலில் மஞ்சளடிக்கும், சுண்ணாம்பு போல வெளுத்துப் பொடி உதிரும். நனைந்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். கார் நிறுத்தும் அறைக்கு அது சரி, இங்கே வேண்டாம்.

முதன்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது, கான்கிரீட் தளத்துக்கென்றே தயாரித்த, தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் பெயின்ட். நாற்றம் குறைவு, பிரஷைத் தண்ணீரிலேயே கழுவலாம். தரைக்குள் இருக்கும் ஈர ஆவி ஓரளவு வெளியேறவும் அது வழிவிடும். பின்னால் ஓர் இடம் உரிந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்துகொள்ளலாம். இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் வகைகள் அதிக நாள் உழைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கலந்த பிறகு குறிப்பிட்ட நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும்; கை பழகாதவருக்கு அந்த அவசரம் ஆகாது.

பளபளப்பு வேண்டாம். மங்கலான வகையையே கேட்டு வாங்குங்கள்.

நிறத்துக்கு வருவோம். அடர்ந்த சாம்பலும் செங்கல் நிறமும் படத்தில் அழகாக இருக்கும், நண்பகலில் காலைச் சுடும். அசல் வெள்ளை அவ்வளவாகச் சூடாகாது, ஆனால் கண் கூசும், ஒவ்வொரு அழுக்கும் தெரியும். மணல் நிறம், இளஞ்சாம்பல், வெளிர் மண் நிறம் ஆகியவை நடுவாந்தரமானவை. நான் இப்போது செய்வது இதுதான்: பிடித்த இரண்டு மூன்று நிறங்களில் சின்ன மாதிரி டப்பா வாங்கி, மிச்சமான சிமென்ட் பலகையிலோ ஓட்டின் முதுகிலோ அடித்து, காய்ந்ததும் நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் போட்டுவிட்டு, அதன் மேல் வெறுங்காலோடு ஏறி நிற்பேன். பத்து விநாடி நிற்க முடியாத நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பட்டியலில் இல்லை.

அதே பலகையில் சொரசொரப்பையும் சோதித்துவிடலாம். வழுக்காமல் இருக்கப் பெயின்ட்டில் கலக்கும் துகள்கள் பல வகை. அலுமினியம் ஆக்சைடு கரடு. கனமான பூட்ஸ் நடக்கும் இடத்துக்குச் சரி, குழந்தையின் முழங்காலுக்கு அல்ல. நன்றாகச் சலித்த நுண்ணிய சிலிக்கா மணல் பரவாயில்லை. பாலிமர் மணிகள் காலுக்கு இதமானவை, வெறுங்காலுக்கு என் தேர்வு அதுதான். எவ்வளவு கலப்பது என்பது பாக்கெட்டில் இருக்கும். அந்த அளவில் பலகையில் அடித்து, காய்ந்ததும் நனைத்து, காலால் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் கொஞ்சம் கூட்டலாம். தோல் எரிந்தால் குறைக்கலாம்.

அளவும் பொருள்களும்

கணக்கு எளிது. தளத்தின் வெளி அளவிலிருந்து குளத்தின் அளவைக் கழியுங்கள். குளம் 8 மீட்டருக்கு 4 மீட்டர், சுற்றிலும் ஒன்றரை மீட்டர் தளம் என்றால், வெளி அளவு 11 பெருக்கல் 7, அதாவது 77 சதுர மீட்டர். குளம் 32. மிச்சம் 45 சதுர மீட்டர் தளம். சொரசொரப்பான கான்கிரீட்டில் முதல் கோட்டுக்கு (முதல் தடவைப் பூச்சுக்கு) ஒரு லிட்டர் சுமார் 6 சதுர மீட்டர், இரண்டாவது கோட்டுக்கு சுமார் 8 என்று வைத்துக்கொண்டால் 13 லிட்டர் ஆகிறது. டப்பாவில் போட்டிருக்கும் அளவு வழவழப்பான பரப்புக்கானது, அதை நம்பிக் குறைவாக வாங்காதீர்கள். பின்னால் ஒட்டுப் போடவும் சேர்த்து 15 லிட்டராக வாங்குவேன்.

நீளக் கழியோடு ரோலர், அதற்கு 12 முதல் 18 மில்லிமீட்டர் வரை முடியுள்ள உறை இரண்டு, ஓரத்துக்கு அகலமான பிரஷ், சுரண்டி, கட்டைப் பிரஷ், மாஸ்கிங் டேப், பிளாஸ்டிக் தாள், கலக்குவதற்குப் பெரிய வாளி, கையுறை, கண்ணாடி, தூசிக்கான முகமூடி. பிரஷர் வாஷர் வாடகைக்குக் கிடைத்தால் முதுகு பிழைக்கும்.

குளத்தை மூடுவது

குளத்தை வடித்துவிட்டு வேலை செய்தால் வசதியாக இருக்குமே என்று தோன்றலாம். செய்யாதீர்கள். நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில் காலிக் குளத்தைக் கீழேயிருந்து தண்ணீர் படகு போலத் தூக்கிவிடும்; வினைல் விரிப்புப் போட்ட குளத்தில் விரிப்பு சுருங்கிவிடும். தண்ணீர் இருக்கட்டும்.

கழுவும்போதும் சுரண்டும்போதும் பம்ப்பை நிறுத்தி, ஸ்கிம்மர் (குளத்தின் மேல்மட்டத் தண்ணீரையும் குப்பையையும் உள்ளிழுக்கும் அமைப்பு) வாயை டேப்பால் மூடுங்கள். அன்றைய வேலை முடிந்ததும் டேப்பை எடுத்துவிட்டுப் பம்ப்பை ஓட்டுங்கள். நாலு நாள் நிறுத்தியே வைத்தால் தளம் அழகாகவும் குளம் பச்சையாகவும் இருக்கும். குளத்துக்கு மூடி இருந்தால் அதைப் போட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் விரியுங்கள்.

மூடி இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் தாளை மட்டும் தண்ணீர் மேல் விரிக்கிறீர்களா? அப்படியானால் ஒரு கணமும் ஆளில்லாமல் விடக் கூடாது. குழந்தைக்கும் நாய்க்கும் அது தரை மாதிரித் தெரியும். கால் வைத்தால் தாள் சுற்றிக்கொண்டு உள்ளே இழுக்கும், மேலே இருப்பவருக்குத் தெரியவும் தெரியாது. வேலை நின்றதும் தாளைச் சுருட்டி எடுங்கள், வேலியையும் கதவையும் பூட்டி வையுங்கள். பெயின்ட் தெறித்துவிடுமே என்று கதவைக் கழற்றி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டவே வேண்டாம்.

மின் இணைப்புப் பெட்டிகள், விளக்கு இணைப்புகள், ஏணிக்கும் கைப்பிடிக்கும் போகும் செம்புக் கம்பி ஆகிய எதன் மேலும் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள், எதையும் கழற்றாதீர்கள். அந்தக் கம்பிகள் குளத்தைச் சுற்றியுள்ள உலோகங்களை ஒன்றோடொன்று இணைத்து மின் அதிர்ச்சியைத் தடுப்பவை.

கழுவுவது, சுரண்டுவது

இந்த வேலையில் அதிக நேரம் போக வேண்டிய இடம் இதுதான்.

முதலில் உலர்ந்த வேலை. உரியும் பெயின்ட்டைச் சுரண்டுங்கள், சாக்பீஸ் வட்டம் போட்ட இடங்களில் விட்டுப்போன பூச்சைத் தட்டி எடுங்கள், மிச்சமிருக்கும் பெயின்ட்டின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துச் சரிவாக்குங்கள். விளிம்பு படி மாதிரி நின்றால் இரண்டு கோட்டுக்குப் பிறகும் தெரியும். தளத்தில் பல பத்தாண்டுக்கு முந்தைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காமல் சோதனைப் பட்டை வாங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஈயம் இல்லாவிட்டாலும் கான்கிரீட் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், முகமூடி இல்லாமல் தேய்க்க வேண்டாம்.

அப்புறம் பசை. எண்ணெய்ப் பசையை நீக்கும் சோப்புக் கரைசலை ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டு, கட்டைப் பிரஷால் தேயுங்கள். நாற்காலி இடங்களில் இரண்டு முறை. பாஸ்பேட் இல்லாத சோப்பாகப் பாருங்கள். பாஸ்பேட் குளத்தில் இறங்கினால் பாசிக்குத்தான் கொண்டாட்டம். கழுவிய பிறகு அந்த இடங்களில் மறுபடி தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பாருங்கள். இன்னும் முத்தாக நின்றால் இன்னொரு சுற்று.

பாசி படிந்த நிழல் மூலைகளுக்கு நீர்த்த பிளீச் போதும். தெளித்துப் பத்து நிமிடம் கழித்துத் தேய்த்து, நன்றாக அலசிவிடுங்கள்.

பிரஷர் வாஷரில் விசிறி போலப் பரவும் முனையைப் போட்டு, தரையிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, ஒரே சீராக நகர்த்துங்கள். ஊசி போலப் பாயும் முனை கான்கிரீட்டில் கோடு கோடாகக் குழி பறிக்கும், அது பெயின்ட்டுக்கு மேலும் தெரியும். குளத்திலிருந்து வெளிப்பக்கமாகவே தண்ணீரைத் தள்ளுங்கள். நல்ல தளத்தில் வாட்டம் (சரிவு) குளத்துக்கு எதிர்ப்பக்கமாகத்தான் இருக்கும், எனவே தண்ணீர் தானே ஓடிவிடும். கழுவும்போது எங்கெல்லாம் தண்ணீர் தேங்குகிறது என்று பார்த்து வையுங்கள். பெயின்ட் வாட்டத்தைச் சரிசெய்யாது. தேங்கும் இடத்தில் சிமென்ட் பூச்சால் மட்டத்தைத் திருத்தாவிட்டால், பெயின்ட் முதலில் உரியப்போவது அங்கேதான்.

ஆசிட் பற்றி. வழவழப்பாகத் தேய்த்த வெறும் கான்கிரீட்டில் பெயின்ட் பிடிக்க ஒரு சொரசொரப்பு வேண்டும்; மெல்லிய உப்புத்தாளைத் தொடுவது போல விரலுக்குத் தெரிய வேண்டும். ஏற்கெனவே அப்படி இருந்தால் ஆசிட் தேவையில்லை. பெயின்ட் இருக்கும் இடத்தில் ஆசிட் வேலையும் செய்யாது. தேவைப்பட்டால், பெயின்ட் கடையில் கான்கிரீட்டை அரிக்கவென்றே விற்கும், வீரியம் குறைந்த கரைசலை வாங்குங்கள். குளத்துக்கென்று வீட்டில் வைத்திருக்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். அதன் புகை மூச்சை அடைக்கும், எஃகு ஏணியையும் கைப்பிடியையும் துருவேற்றும். எதுவானாலும் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பிளீச் போட்ட இடத்தை முழுக்க அலசாமல் ஆசிட் பக்கமே போகாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், திறந்தவெளியிலும் ஆபத்துதான்.

நுரைத்து அடங்கியதும் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, சமையல் சோடா கரைத்த தண்ணீரைத் தெளித்து, மறுபடி அலசுங்கள். போதுமா என்று பார்க்க, குளத்துத் தண்ணீரைச் சோதிக்கும் பட்டையே உதவும்: ஈரத்தளத்தில் ஒரு பட்டையை வையுங்கள், குழாய்த் தண்ணீரில் இன்னொன்றை. இரண்டிலும் பிஎச் (அமில, கார அளவு) நிறம் ஒன்றுபோல வந்தால் ஆசிட் போய்விட்டது.

விரிசலும் இணைப்பும்

முடி போன்ற விரிசலை விட்டுவிடலாம், பெயின்ட்டே நிரப்பிவிடும். நாணயத்தின் விளிம்பு உள்ளே போகிற அளவு என்றால் உளியால் கொஞ்சம் அகலப்படுத்தி, தூசி தட்டி, கான்கிரீட்டுக்கான நெகிழும் நிரப்பியை அடையுங்கள். சுவருக்கு வைக்கும் பட்டி இங்கே உதவாது, நனைந்தால் கரைந்து வரும். விரிசலின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட உயர்ந்திருந்தால் கீழே மண் இறங்கியிருக்கிறது. அது பெயின்ட்டுக்காரரின் வேலை அல்ல, கட்டடம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

குளத்தின் விளிம்புக் கல்லுக்கும் தளத்துக்கும் நடுவே சுற்றிலும் ஓர் இடைவெளி ஓடும், ரப்பர் மாதிரி ஏதோ அடைத்திருக்கும். அது பழுதல்ல. குளமும் தளமும் சூட்டுக்கும் ஈரத்துக்கும் தனித்தனியாக விரிந்து சுருங்குகின்றன. அந்த அசைவுக்கு விட்ட இடம் அது. 'அசிங்கமாக இருக்கிறதே' என்று சிமென்ட் வைத்து மூடினால் ஓரக் கல் பெயரும், ஓடு தெறிக்கும். பழைய சீலன்ட் காய்ந்து வெடித்திருந்தால் பிய்த்து எடுத்துவிட்டு, ஆழத்தில் ஃபோம் கயிறு வைத்து, மேலே புதிய நெகிழும் சீலன்ட் போடுங்கள். சிலிக்கோன் என்றால் பெயின்ட் வேலை முடிந்த பிறகு போடுங்கள், ஏனென்றால் அதன் மேல் பெயின்ட் நிற்காது. எந்த சீலன்ட் ஆனாலும் அதன் மேல் பெயின்ட்டை இழுத்துக்கொண்டு போக வேண்டாம், டேப் ஒட்டிக் காப்பாற்றுங்கள்.

நாள் பார்ப்பது

கழுவிய தளம் இரண்டு முழு வெயில் நாள் காய வேண்டும். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். சந்தேகம் இருந்தால் பிளாஸ்டிக் தாள் சோதனையை மறுபடி செய்யுங்கள். அடித்த பிறகு ஒரு நாளாவது மழை வராது என்று வானிலை சொல்ல வேண்டும். காற்றின் வெப்பம் 10 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நல்லது.

ஆனால் காற்றைவிடத் தரை முக்கியம். வெயிலில் கொதிக்கும் கான்கிரீட்டில் அடித்தால் மேல்தோல் உடனே காய்ந்து, உள்ளே மாட்டிய நீராவி கொப்புளமாகக் கிளம்பும். உள்ளங்கையைத் தரையில் வைத்து ஐந்து விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அடிக்காதீர்கள். அதே போல, காலையில் கைப்பிடிக் கம்பி வியர்த்திருந்தால் தரையிலும் கண்ணுக்குத் தெரியாத பனி இருக்கும். பனி காய்ந்த பிறகு தொடங்கி, நிழலைத் துரத்திக்கொண்டே வேலை செய்து, மாலைப் பனிக்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிடுவது என் வழக்கம்.

அடிப்பது

வாங்கிய எல்லா டப்பாவையும் பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிடுங்கள். ஒரே நிறப் பெயர் இருந்தாலும் டப்பாவுக்கு டப்பா மயிரிழை வித்தியாசம் உண்டு, அது தளத்தின் நடுவில் கோடாகத் தெரியும். முதல் கோட்டுக்குத் தண்ணீர் சேர்க்கலாமா என்பதை டப்பாவைப் படித்து முடிவெடுங்கள். பிரைமர் (அடிப்பூச்சு) கேட்கும் பெயின்ட்டுக்குப் பிரைமர், கேட்காததற்கு வேண்டாம்.

ஸ்கிம்மர் மூடியைக் கழற்றி வைத்து, அதன் சட்டத்தை டேப்பால் மூடுங்கள். மூடியோடு சேர்த்து அடித்தால் ஒட்டிக்கொண்டு, அடுத்த முறை திறக்கும்போது தளத்துப் பெயின்ட்டையும் பிய்த்துக்கொண்டு வரும். வடிகால் துளைகள், ஏணிக் கால்கள், ஆழத்தைக் காட்டும் எண்கள், 'குதிக்காதே' என்ற குறி ஆகியவற்றின் மேலும் டேப். அந்த எண்கள் மறைந்துவிட்டால் தளம் அழகாக இருக்கும், ஆழம் தெரியாமல் யாராவது தலைகீழாகப் பாய்வார்கள்.

எங்கே முடிப்பது என்று யோசித்துவிட்டுத் தொடங்குங்கள். குளத்தளம் ஒரு வளையம். சுற்றி வந்தால் தொடங்கிய ஈர இடத்துக்கே வந்து நிற்பீர்கள், முன்னால் பெயின்ட், பின்னால் தண்ணீர். கதவுக்கு நேர் எதிரே உள்ள பக்கத்தின் நடுவில் தொடங்கி, வளையத்தின் ஒரு பாதியைக் கதவு வரை முடித்துவிட்டு, மறுபாதியையும் கதவை நோக்கி முடித்து வெளியேறுங்கள். நான் ஒரு முறை வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் குளத்தைக் கடந்து வெளியே வந்தேன்.

ஓரங்களில் ஒரு சாண் அகலத்துக்குப் பிரஷால் அடித்து, அது காயும் முன்பே பக்கத்தில் ரோலரை ஓட்டுங்கள். ஒன்றரை மீட்டர் சதுரமாக முடித்து முடித்து நகரலாம். ஈர விளிம்பின் மேலேயே அடுத்த சதுரம் ஏற வேண்டும். ஓய்வு எடுக்க நிற்பதாக இருந்தால் தளத்தில் வெட்டியிருக்கும் இணைப்புக் கோட்டில் நிற்கவும், அங்கே சேரும் இடம் தெரியாது. கோட் மெல்லியதாக இருக்கட்டும். கெட்டியாக ஒரே கோட் அடித்து முடித்துவிடலாம் என்ற ஆசைதான் பிசுபிசுக்கும் தளத்துக்குக் காரணம்.

டப்பாவில் சொன்ன நேரம், பெரும்பாலும் நாலு முதல் ஆறு மணி, கழித்து இரண்டாவது கோட்டை முதல் கோட்டுக்குக் குறுக்காக அடியுங்கள். பாலிமர் துகளை இந்தக் கோட்டில்தான் கலக்கிறேன். அது அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், எனவே ரோலர் தட்டை நிரப்பும்போதெல்லாம் அடி வரை கலக்குங்கள். கலக்க மறந்தால் தொடங்கிய பக்கம் வழுவழுப்பாகவும் முடித்த பக்கம் அரம் மாதிரியும் இருக்கும். ஏணியின் முன்னால், படிக்கட்டு முனையில், குழந்தைகள் ஓடித் திரும்பும் மூலையில் தனிக் கவனம் வையுங்கள்.

டேப்பைப் பெயின்ட் முழுக்கக் காயும் முன்பே, பின்னோக்கி மடக்கியபடி மெதுவாக இழுங்கள். நன்றாகக் காய்ந்த பின் இழுத்தால் விளிம்பும் கூடவே கிழியும்.

காத்திருப்பது

தொட்டால் ஒட்டாத நிலை ஓரிரு மணியில் வந்துவிடும். அதை நம்பி ஏமாறாதீர்கள். வெறுங்காலோடு மெதுவாக நடக்க ஒரு நாள். குளித்து, தண்ணீர் தெறிக்க மூன்று நாள். நாற்காலி, மேசை இழுத்துப்போட ஒரு வாரம். முழுக் கடினம் வர ஒரு மாதம்கூட ஆகலாம். இளம் பெயின்ட்டில் குளோரின் தண்ணீர் தேங்கி நின்றால் வெண்திட்டு விழும், எனவே முதல் வாரம் குளத்து மருந்து போடுவதையும் கவனமாகச் செய்யுங்கள். ரப்பர் அடிப்பாய்களை அந்த ஒரு மாதமும் விரிக்க வேண்டாம். நிறம் இறங்கும், அடியில் ஈரத்தையும் பிடித்து வைக்கும்.

கொப்புளம் வந்தால் ஒன்றைக் கீறிப் பாருங்கள். உள்ளே வெறும் கான்கிரீட் தெரிந்தால் ஈரமோ பசையோ கீழே இருந்திருக்கிறது. இரண்டு கோட்டுக்கு நடுவில் மட்டும் பிரிந்திருந்தால் முதல் கோட் காயும் முன்பே அவசரப்பட்டிருக்கிறீர்கள். முதலாவதுக்கு அந்த இடத்தைச் சுரண்டி முதலிலிருந்து செய்ய வேண்டும், இரண்டாவதுக்கு உப்புத்தாளும் ஒரு கோட்டும் போதும்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. வாரத்துக்கு ஒரு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்புநீர்க் குளம் என்றால் இன்னும் அடிக்கடி. சன்ஸ்கிரீன் படும் இடத்தை மாதம் ஒரு முறை சோப்பால் தேயுங்கள். குளோரின் வில்லையையோ வாளியையோ தளத்தில் வைக்காதீர்கள், வட்டமாக வெளுத்துவிடும்.

மிச்சப் பெயின்ட்டைச் சின்ன பாட்டிலில் வாய் வரை நிரப்பி இறுக மூடி, நிறத்தின் எண்ணையும் தேதியையும் மேலே எழுதுங்கள். காற்று குறைவாக இருந்தால் நாள்பட இருக்கும். அதைப் பம்ப் அறையில், குளோரின் தூள் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். குளோரின் தூளாக விற்கும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டில் பெயின்ட்டோ தின்னரோ எண்ணெயோ பட்டால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். பெயின்ட்டுக்கு வீட்டின் மறுகோடியில் ஓர் அலமாரி பாருங்கள்.